உஷார்! உங்கள் மடியில் இருப்பது 200 பார் காற்று

பிசிபி ஏர் ரைஃபிள் வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள். பணத்தை அனுப்பிவிடாதீர்கள். அட்வான்ஸ்கூட வேண்டாம். இதைக் கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

வாங்குவது நீங்கள் இல்லையா? அப்படியானால் கட்டாயம் படியுங்கள். உங்கள் மகன் வாங்கியிருக்கலாம். தம்பி வாங்கியிருக்கலாம். கோழிப்பண்ணை குடோனில் தீவன மூட்டைக்குப் பின்னால் நீளமாக ஒரு பை சாய்ந்து நிற்கிறதா? "அது ஏர்கன்தானுங்க, எலி அடிக்க" என்று யாராவது சொன்னார்களா? நீங்களும் சரியென்று விட்டுவிட்டீர்களா?

அவர்கள் சொன்னது பாதிதான். மீதியை நான் சொல்கிறேன்.

நாமக்கல் பக்கம் தீவனத்தை எலி தின்கிறது. ராசிபுரம், ஆத்தூர் பக்கம் மரவள்ளிக் காட்டைப் பன்றி கிளறிப்போடுகிறது. நிலக்கடலையை மயில் கொத்துகிறது. வயிற்றெரிச்சல் நியாயம்தான். அந்த வயிற்றெரிச்சலைக் குறிவைத்துத்தான் ஒரு வியாபாரம் நடக்கிறது. வாட்ஸ்அப்பில் படம் வரும். பளபளவென்று வால்நட் கட்டை, மேலே தொலைநோக்கி, முன்னால் கருப்பு பாட்டில். "லைசென்ஸ் தேவையில்லை, ஏர்கன்தான்" என்று கீழே ஒரு வரி.

அந்த ஒரு வரியை நம்பியவர் கதையை முதலில் கேளுங்கள்.

ராசிபுரம் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணைக் குடும்பம். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். பையனுக்கு முப்பது வயதுக்குள்தான். பழைய துப்பாக்கி ஒன்றை, வெளிநாட்டுச் சரக்கு என்று, லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கினான். பில் இல்லை. "அப்புறம் அனுப்பறேன்" என்றார்கள். பெட்டியோடு ஒரு கைப்பம்பு வந்தது. அதில் காற்றடிப்பது லேசுப்பட்ட வேலையில்லை. சைக்கிள் பம்பு மாதிரிதான் இருக்கும். ஆனால் 150 பாரைத் தாண்டிய பிறகு உடம்பின் மொத்த எடையையும் போட்டு அமுக்க வேண்டும். சட்டை நனைந்துவிடும்.

வெல்டிங் பட்டறை வைத்திருந்த சிநேகிதன் ஒரு யோசனை சொன்னான். "ஆக்சிஜன் சிலிண்டர்ல 150 பார் சும்மா நிக்குது. எதுக்குடா இப்பிடி மூச்சு வாங்கறே?" லேத்தில் கொடுத்துப் பித்தளையில் ஒரு இணைப்பு கடைந்தார்கள். துப்பாக்கியை மாட்டினார்கள். வால்வைத் திறந்தார்கள்.

பளிச்சென்று ஒரு வெளிச்சம். அவ்வளவுதான் அவனுக்கு ஞாபகம்.

இடது கையில் இரண்டு விரல் போனது. ஒரு கண் போனது. ஆஸ்பத்திரியில் "லாரி டயர் வெடிச்சிருச்சுங்க" என்று சொல்லிப் பார்த்தார்கள். கன்னத்திலிருந்து சில்லுகளை எடுத்துத் தட்டில் போட்ட டாக்டர் கேட்டாராம்: "டயருக்குள்ள பித்தளை எப்படிப்பா வந்துச்சு?" இந்த மாதிரிக் காயம் என்றால் ஆஸ்பத்திரி போலீசுக்குத் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். கொடுத்தார்கள். போலீஸ் வந்தது. துப்பாக்கி எங்கே? பில் எங்கே? குழல் என்ன அளவு? .22. லைசென்ஸ் எங்கே? விற்றவன் போன் அன்றைக்கே அணைந்துவிட்டது.

அவனுடைய அம்மா சொன்னார்: "கண்ணு போனது ஒரு பக்கம்ங்க. அந்தக் கண்ணோட கோர்ட்டுக்கும் வூட்டுக்கும் அலையறது ஒரு பக்கம். காத்துதானேம்மான்னான். நானும் காத்துதானேன்னு இருந்துட்டேன்."

காற்றுதானே! இந்த நினைப்புதான் முதல் எதிரி.

நமக்குத் தெரிந்த ஏர்கன் ஆடித் திருவிழாக் கடையில் பலூன் சுடுவது. குழலை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் இறுகும்; சுட்டால் விடும். ஒரு மடக்குக்கு ஒரு குண்டு. மடக்காத நேரத்தில் அது வெறும் இரும்புக் கம்பி. பிசிபி வேறு சாதி. காற்றை முன்கூட்டியே அடைத்து வைத்துக்கொள்ளும். குழலுக்குக் கீழே ஒரு உருளையிலோ, முன்னால் ஒரு பாட்டிலிலோ 200 பார் அழுத்தம் நிற்கும். உயர்ரகங்களில் 250, சிலவற்றில் 300. விசையைத் தொட்டால் உள்ளே சுத்தியல் வால்வைத் தட்டும், அளந்து விட்டதுபோல் கொஞ்சம் காற்று பாயும், குண்டு போகும். உதைக்காது. ஒருமுறை நிரப்பினால் பல பத்துக் குண்டுகள். குறி தப்புவது அபூர்வம். இதெல்லாம் உண்மை. விலைக்கு ஏற்ற பொருள்தான், பொய் சொல்லக்கூடாது.

ஆனால் அந்த 200 பார் எவ்வளவு என்று யாராவது உங்களுக்குச் சொன்னார்களா?

நாமக்கல் மண்ணில் லாரி டயரைச் சொன்னால் சின்னப் பிள்ளைக்கும் புரியும். லோடு வண்டி டயரில் நூறு, நூற்றிருபது பிஎஸ்ஐ. அது ரிம்மோடு தெறித்தால் பஞ்சர் கடைக்காரர் கதி என்ன என்று இந்த ஊருக்குத் தெரியும். 200 பார் என்றால் 2,900 பிஎஸ்ஐ. 300 பார் என்றால் 4,350. டயரைவிட உருளை சின்னது, அடைபட்ட காற்றும் கம்மி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டயருக்கு இரும்புக் கூண்டு வைத்துக் காற்றடிக்கிறார்கள். இதைக் கன்னத்தில் ஒட்டி வைத்துக்கொண்டு குறி பார்க்கிறீர்கள்.

ஆக்சிஜன் மட்டும் வேண்டவே வேண்டாம்!

வெல்டிங் பட்டறையில் சேரும் பையனுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள்: கருப்பு சிலிண்டர் ரெகுலேட்டரில் எண்ணெய்க் கையை வைக்காதே. ஏன்? அழுத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனில் எண்ணெயும் கிரீஸும் ரப்பரும் தானாகவே பற்றிக்கொள்ளும். வால்வைச் சட்டென்று திறந்தால் குறுகிய குழாய்க்குள் வாயு நசுங்கிச் சூடேறும். அந்தச் சூடே தீப்பெட்டி. துப்பாக்கிக்குள் ஓரிங் என்ற ரப்பர் வளையம் இருக்கிறது. அதற்குத் தடவிய கிரீஸ் இருக்கிறது. காற்றில் பற்றாதது ஆக்சிஜனில் பற்றும். அந்தப் பையனுக்கு நடந்தது இதுதான். "போன தடவை ஒண்ணும் ஆகலையே" என்பவர் போன தடவை தப்பித்தவர், அவ்வளவே.

அதே காரணத்துக்காக, காற்றே நிரப்பினாலும் உள்ளே மெஷின் ஆயில் விடக்கூடாது. துரு நீக்கும் ஸ்பிரேயும் கூடாது. சிலிக்கான் கிரீஸ் மட்டும், அதுவும் கண்ணுக்குத் தெரியாத அளவு. பழைய துப்பாக்கியின் நிரப்பும் துளையை முகர்ந்து பாருங்கள். எண்ணெய் வாடை வந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இன்னொரு புத்திசாலித்தனமும் காதில் விழுகிறது. திருச்செங்கோடு நம் பக்கத்திலேயே இருக்கிறது. ரிக் வண்டி கம்ப்ரஸர் இருக்கிறது. அதில் அடித்தால் என்ன? அய்யா, ரிக் கம்ப்ரஸர் ஆயிரம் அடிப் பாறையிலிருந்து மண்ணை ஊதித் தள்ளும், சரி. அது தருவது ஏராளமான காற்று. அழுத்தம் 300 பிஎஸ்ஐ கணக்குத்தான், 20 பார் சொச்சம். பிசிபிக்குத் தேவையானதில் பத்தில் ஒரு பங்கு அழுத்தம்கூட அதில் கிடைக்காமல் போகலாம். போதாததற்கு அந்தக் காற்றோடு எண்ணெய்ப் புகையும் வரும். "நானே ஒரு பூஸ்டர் கட்டித் தர்றேன்" என்று கிளம்பும் பட்டறைக்காரர் கையெடுத்துக் கும்பிட வேண்டியவர். தூரத்தில் நின்று கும்பிடுங்கள். காற்று நிரப்ப வழி மூன்றுதான்: மூன்று கட்டக் கைப்பம்பு, ஈரத்தையும் எண்ணெயையும் பிரிக்கும் வடிகட்டி வைத்த உயர் அழுத்தக் கம்ப்ரஸர், இல்லையென்றால் முத்திரை உள்ள டைவிங் சிலிண்டர். அந்தச் சிலிண்டருக்கும் நாக்பூரில் தலைமையகம் வைத்திருக்கும் பெட்ரோலிய வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் ஒப்புதல் வேண்டும். குறித்த காலத்துக்கு ஒருமுறை நீர் அழுத்தச் சோதனை ஆகியிருக்க வேண்டும். தேதி சிலிண்டரின் தோளில் கொத்தியிருக்கும். கொத்தவில்லையா? தேய்த்து அழித்த மாதிரி இருக்கிறதா? தொடாதீர்கள்!

தேதி என்றதும் ஒன்று. இதைப் பலரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

ஒலிம்பிக் ரகப் போட்டித் துப்பாக்கிகள் பழையதாகி மலிவு விலைக்கு வரும். ஜெர்மன் பெயர் பொறித்திருக்கும், பார்த்தாலே சொக்கிப்போவீர்கள். அந்தப் பெரிய கம்பெனிகள் தங்கள் காற்று உருளைகளுக்கு 10 ஆண்டுதான் ஆயுள் சொல்கின்றன. அதற்குப் பிறகு உருளையை மாற்ற வேண்டும். உலகப் போட்டிகளிலும் காலாவதியான உருளையோடு வரக்கூடாது, வீரரே பொறுப்பு என்பது விதி. அங்கே கழித்துக்கட்டிய உருளை இங்கே "லைட்டா யூஸ் பண்ணது" ஆகிவிடும். கார்பன் ஃபைபர் பாட்டில் என்றால் பலவற்றுக்கு 15 ஆண்டு. கீழே விழுந்து ஒரு கீறல் ஆழமாக விழுந்திருந்தாலே அது போச்சு. பெயிண்ட் புதிதாக அடித்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள். எதை மறைக்க அடித்தார்கள் என்று கேளுங்கள்.

அடுத்து, நம்ம ஊர் வெயில்!

சித்திரை மாசம் சேலத்தில் கண்ணாடி ஏற்றிய காரை வெயிலில் நிறுத்தினால் உள்ளே 65, 70 டிகிரி வரைகூடப் போகலாம். காலையில் 25 டிகிரியில் 250 பார் நிரப்பிய துப்பாக்கி டிக்கியில் கிடக்கிறது என்று வையுங்கள். 70 டிகிரியில் அழுத்தம் 285 பாரைத் தாண்டிவிடும். நீங்கள் ஒரு பம்புகூட அடிக்கவில்லை, சூரியன் அடித்துவிட்டது. ஆலையில் கொடுத்த உச்ச அளவுக்கு நிரப்பாதீர்கள். குறைத்து நிரப்புங்கள். வெயிலில் வைக்காதீர்கள். தகர செட்டில் மாட்டி வைக்காதீர்கள். மழைக்காலத்தில் வேறு தொல்லை: கைப்பம்பு ஈரக்காற்றையும் சேர்த்து உள்ளே தள்ளும். இரும்பு உருளை என்றால் உள்ளுக்குள் துரு பிடிக்கும். வெளியே கண்ணாடிபோல் மின்னும். உள்ளே என்ன நடக்கிறது என்று எந்த விளம்பரப் படமும் காட்டாது.

வாங்குவதற்கு முன் ஒரு ராத்திரி பொறுக்க முடியுமா? துப்பாக்கியை நிரப்பி, கேஜ் முள் எங்கே நிற்கிறது என்று போட்டோ எடுத்து, மறுநாள் காலையில் பாருங்கள். முள் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. ரெகுலேட்டர் உள்ள ரகங்கள் பலவற்றில் இரண்டாவது கேஜ் ஒன்று இருக்கும். அந்த முள் சும்மா இருக்கும்போதே மெல்ல ஏறினால் ரெகுலேட்டர் சரியில்லை. வெகுநேரம் கழித்துச் சுடும் முதல் குண்டு மற்றவற்றைப்போல் போகாது. விற்பவர் "அதெல்லாம் வேண்டாங்க, நேர்ல வந்து நாலு குண்டு சுட்டுப் பாருங்க, அசந்துருவீங்க" என்கிறாரா? நாலு குண்டில் யாரும் அசந்துதான் போவார்கள். அதற்காகத்தான் கூப்பிடுகிறார்.

கசிகிறது என்று தெரிந்ததும் ஸ்பேனரை எடுக்காதீர்கள்! காற்று இருக்கும்போது மறையைக் கழற்றினால் அந்த மறையே குண்டாகிவிடும். முழுக்க வெளியேற்றி, கேஜைப் பார்த்து, கேஜையும் நம்பாமல் இன்னொரு தடவை வெறும் விசை அழுத்திப் பார்த்து, அதற்குப் பிறகுதான் தெரிந்தவர் கை வைக்க வேண்டும்.

இனி சட்டம். இங்கேதான் படித்தவர்களே ஏமாறுகிறார்கள்.

"ஏர்கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை." இதில் பாதி உண்மை இருப்பதால்தான் இத்தனை பேர் மாட்டுகிறார்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், வெடிமருந்தால் சுட்டாலும் வேறு எந்த ஆற்றலால் சுட்டாலும் துப்பாக்கிதான் என்கிறது. காற்று அதில் அடங்கும். 2016 ஆயுத விதிகள் ஒரு விலக்கு கொடுத்தன. குழலின் அளவு 4.5 மில்லிமீட்டர், அதாவது .177, இதைத் தாண்டக் கூடாது. குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூல், அதாவது 15 அடி-பவுண்டு, இதையும் தாண்டக் கூடாது. இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் லைசென்ஸ் வேண்டாம்.

ஒன்று தாண்டினாலும் போச்சு!

.22 குழலா? ஆற்றல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் லைசென்ஸ் வேண்டும். .25, .30 கேட்கவே வேண்டாம். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு 2 ஆண்டிலிருந்து 5 ஆண்டு வரை சிறை. வெளிநாட்டு உயர்ரகங்களில் பெரும்பாலானவை எந்த அளவுகளில் வருகின்றன என்று நினைக்கிறீர்கள்? ஸ்வீடனின் எஃப்எக்ஸ், இங்கிலாந்தின் டேஸ்டேட் போன்றவை வேட்டை அனுமதி உள்ள நாடுகளுக்காகவும் செய்கிறவை. அவை நல்ல கம்பெனிகள். குற்றம் அவர்களிடம் இல்லை. அது எந்த வழியாக வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது என்பதுதான் கேள்வி. ஆயுத இறக்குமதிக்கு அரசின் அனுமதி வேண்டும். சுங்கத் தாள் எங்கே என்று கேளுங்கள். பேச்சு எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள்.

.177 என்றாலும் நிம்மதியாக உட்கார முடியாது. ஆற்றல் கணக்கைப் போட்டுப் பாருங்கள். குண்டின் எடையை கிரெயினில் எடுங்கள். வேகத்தை நொடிக்கு இத்தனை அடி என்று எடுத்து, வேகத்தை வேகத்தாலேயே பெருக்குங்கள். இரண்டையும் பெருக்கி 450240ஆல் வகுங்கள். வருவது அடி-பவுண்டு. சாதாரணமாகக் கிடைக்கும் 8.44 கிரெயின் குண்டு 900 அடி வேகத்தில் போனால் 15.2. அப்போதே எல்லை தாண்டியாயிற்று! "ஆயிரம் அடி வேகம் சார்" என்று பெருமையாகச் சொல்கிறாரே, அந்த வேகத்தில் இதே குண்டுக்கு 18.7. அவர் சொல்வது பெருமை இல்லை, ஒப்புதல் வாக்குமூலம்.

விற்பவர் காட்டும் தாளில் 14.3 அடி-பவுண்டு என்று போட்டிருக்கிறதா? எந்தக் குண்டில் அளந்தார்கள்? 7 கிரெயின் லேசுக் குண்டு 960 அடியில் போனால் 14.3 வரும். அதே துப்பாக்கியில் 10.34 கிரெயின் கனக் குண்டு 850 அடியில் போனால் 16.6. பிசிபியின் குணமே அதுதான். கனக் குண்டு போட்டால் வேகம் குறைந்தாலும் ஆற்றல் ஏறும். சுத்தியல் ஸ்பிரிங்கை இறுக்கி, ரெகுலேட்டரைத் திருகி ஆற்றலைக் கூட்டுவதும் நடக்கிறது. ஆகவே குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் வைத்து, கனக் குண்டில், உங்கள் கண் முன்னால் அளக்கச் சொல்லுங்கள். மறுத்தால் கிளம்புங்கள். வரிசை எண், பில், அடையாளச் சான்று வாங்கிப் பதிவு செய்யும் கடை, இவை இல்லாத துப்பாக்கி எவ்வளவு மலிவாக வந்தாலும் வாசல்படி ஏறக்கூடாது.

சேலம் போலீசுக்குத் துப்பாக்கி என்றால் விளையாட்டு இல்லை, அதையும் நினைவில் வையுங்கள். 2022 மே மாதம் ஓமலூர் பக்கம் வாகனச் சோதனையில் இரண்டு இளைஞர்கள் சிக்கினார்கள். யூடியூப் பார்த்துத் துப்பாக்கி செய்தார்கள் என்று வழக்கு. அது தேசியப் புலனாய்வு முகமை வரை போனது. அதற்கும் உங்கள் எலி வேட்டைக்கும் சம்பந்தமில்லைதான். ராத்திரி பத்து மணிக்கு நெடுஞ்சாலையில் காரை நிறுத்தி டிக்கியைத் திறக்கும் காவலருக்கு அது எப்படித் தெரியும்?

லைசென்ஸ் வேண்டாத அளவு என்றால் பயமில்லாத அளவு என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளும் ரைஃபிளுக்கு எல்லை 12 அடி-பவுண்டு. ஜெர்மனியில் 7.5 ஜூல்தான். நம்முடைய 20 ஜூல் இரண்டையும்விட அதிகம். அந்தக் குண்டு கண் வழியாக மூளைக்குப் போகும். விலா எலும்புக்கு நடுவில் நெஞ்சுக்குள் போகும். 2023இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் நண்பர் வீட்டில் இருந்தவர் ஏர்கன் குண்டு பாய்ந்து இறந்தே போனார்.

வீட்டில் குழந்தை இருக்கிறதா? இந்த இடத்தை இரண்டு தடவை படியுங்கள்.

பழைய ஸ்பிரிங் ஏர்கன்னைச் சின்னப் பிள்ளையால் மடக்க முடியாது. பலம் போதாது. அந்த முரட்டுத்தனமே ஒரு பாதுகாப்பு. பிசிபியின் நெம்புகோலை ஆறு வயதுப் பிள்ளை ஒரு கையால் இழுக்கும். காற்று மாசக்கணக்கில் உள்ளேயே காத்திருக்கும். போன பொங்கலுக்கு நிரப்பியது சித்திரையிலும் சுடும்! மேகசினைக் கழற்றிவிட்டேன், இனி பயமில்லை என்கிறீர்களா? நெம்புகோலைத் தள்ளியபோதே ஒரு குண்டு குழலுக்குள் போயிருக்கும். மேகசின் உங்கள் பாக்கெட்டில், குண்டு குழலில், துப்பாக்கி கட்டிலுக்கு அடியில். பூட்டி வையுங்கள். குண்டு டப்பாவை வேறு இடத்தில் பூட்டுங்கள். சாவி ஆணியில் தொங்கக்கூடாது. குண்டு ஈயம், தொட்ட கையோடு பிள்ளைக்குச் சோறு பிசையாதீர்கள்.

சுட்ட குண்டு எங்கே போய் நிற்கும்? தொலைநோக்கிக்குள் எலி தெரியும். எலிக்குப் பின்னால் இருப்பது தெரியாது. பண்ணை செட்டில் எல்லாமே கம்பி, குழாய், தகரம். கம்பியில் பட்ட குண்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று சுட்டவனுக்கே தெரியாது. முட்டை பொறுக்கும் பெண்கள் அடுத்த வரிசையில் குனிந்திருப்பார்கள். வெளியே, வானத்தைப் பார்த்துச் சுட்டால் அந்தச் சின்னக் குண்டு 300 மீட்டரைத் தாண்டி விழும். மரவள்ளிக் காட்டுக்கு அந்தப் பக்கம் யார் களை எடுக்கிறார்கள்? கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்தான் என்று புறநானூறு பாடுகிறது. அவனுக்கு அது புகழ். நீங்கள் குறிவைத்ததைத் தாண்டிப் போன குண்டு உங்களுக்கு வழக்கு. 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை நார்த்தாமலையில் துப்பாக்கிப் பயிற்சித் தளத்திலிருந்து வந்த குண்டு, வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவன் தலையில் பாய்ந்தது. நாலு நாளில் பிள்ளை போய்விட்டான். அது பெரிய ரைஃபிள் குண்டு, பயிற்சி பெற்றவர்கள் கை, அரசாங்கத் தளம். உங்கள் பண்ணைக்குப் பின்னால் மண் மேடுகூட இல்லையே!

மயிலைத் தொடாதீர்கள். வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. 3 ஆண்டுக்குக் குறையாத சிறை, 7 ஆண்டு வரை போகும். துப்பாக்கியும் வண்டியும் பறிமுதல். "காக்காய்தானே, வௌவால்தானே" என்ற பேச்சும் இனி எடுபடாது. தொல்லை விலங்கு என்று இருந்த பட்டியலையே 2022 திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. 2025இல் ஓமலூர் பக்கம் டேனிஷ்பேட்டை வனச்சரகத்தில் பழந்தின்னி வௌவால்களைச் சுட்டு, கோழிக்கறி என்று விற்றதாக இருவர் கைதானது ஊர் சிரித்த செய்தி. காட்டுப்பன்றியைச் சுட அரசு 2025 ஜனவரியில் ஆணை போட்டதே என்பீர்கள். போட்டது உண்மை. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால், வனத்துறை சுடும். வனத்துறை! நீங்கள் இல்லை. அதுவும் போக, ஏர்கன்னில் பன்றியைச் சுட்டால் அது சாகாது. வலியோடு உங்களைப் பார்த்துத் திரும்பும்.

சுடும் ஆசை தப்பில்லை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் உலகத் தரவரிசையில் முதலிடம் பிடித்து, டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக் பார்த்தவர். அந்தப் போட்டித் துப்பாக்கியின் ஆற்றல் 7, 8 ஜூல்தான். உங்கள் வாட்ஸ்அப் வியாபாரி இளக்காரமாகச் சிரிக்கும் அளவு. மாவட்ட ரைஃபிள் சங்கத்தில் சேருங்கள். பின்னால் தடுப்புச் சுவர் இருக்கும் இடத்தில், சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கும் இடத்தில், கிளப் துப்பாக்கியில் ஒரு வருஷம் சுடுங்கள். உயர்ரகம் வேண்டுமா வேண்டாமா என்பது அதற்குப் பிறகு உங்களுக்கே தெரிந்துவிடும். எலிக்கா? பண்ணை எலிக்குப் பொறி இருக்கிறது, பொந்தை அடைக்கச் சிமென்ட் இருக்கிறது. லட்ச ரூபாய்க்கு நிறையவே சிமென்ட் வரும்.

ஏற்கெனவே வீட்டில் ஒன்று இருக்கிறதா? பில் இல்லையா, .22வா? ராத்திரியோடு ராத்திரியாக இன்னொருவர் தலையில் கட்டாதீர்கள். அது இன்னொரு குற்றம். கிணற்றில் போடாதீர்கள். ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு, அவரோடு போய்ச் சட்டப்படி ஒப்படைக்க வழி கேளுங்கள்.

குண்டு யார்மேலாவது பட்டுவிட்டால்? தோலில் ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும். ஏமாறாதீர்கள், உள்ளே எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். ஊசி, கத்தி வைத்துத் தோண்டாதீர்கள். கண்ணில் பட்டிருந்தால் தேய்க்காதீர்கள், தண்ணீர் அடிக்காதீர்கள், துணியை வைத்து அழுத்தாதீர்கள். காகிதக் கோப்பை ஒன்றைக் கண்ணில் படாமல் கவிழ்த்து, ஓரத்தில் பிளாஸ்திரி ஒட்டி, படுக்க வைத்தபடியே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். போகும் வழியில் சாப்பிட, குடிக்க எதுவும் கொடுக்க வேண்டாம், ஆபரேஷன் தேவைப்படலாம். டாக்டரிடம் டயர் கதை சொல்லாதீர்கள். ஏர்கன் என்று சொல்லுங்கள். ஈயக் குண்டா, இரும்புக் குண்டா என்று சொல்லுங்கள். மீதிக் குண்டு இருக்கும் டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். இரும்பு உள்ளே இருக்கும்போது எம்ஆர்ஐ மெஷினுக்குள் அனுப்பினால் காந்தம் அதை இழுக்கும்.